சைக்ஸ் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே ஆளின் வாரிசுகளா?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயம் இருக்கிறது. கணவர் ஆங்கிலேயர், குடும்பப் பெயர் சைக்ஸ், பூர்வீகம் யார்க்ஷயரில் ஹடர்ஸ்ஃபீல்ட் பக்கம். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒய் குரோமோசோமின் டெஸ்ட்டில் அவருக்கு ஐ1 என்ற வகை வந்ததும் அவருடைய சித்தப்பா "நாம் வைக்கிங் வம்சம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆனால் வம்ச மரத்தின்படி ஐந்து தலைமுறைக்கு முன்னால் ஒரே தாத்தாவில் வந்து சேர வேண்டிய இன்னொரு சைக்ஸுக்கு ஆர்1பி என்ற வேறு வகை வந்திருக்கிறது. சைக்ஸ் என்ற பெயர்க்காரர்கள் எல்லாரும் ஒரே ஆளின் வாரிசு என்று வேறு எங்கோ படித்திருக்கிறீர்கள், எது உண்மை என்று கேட்கிறீர்கள். "வீட்டில் இதைப் பேசவே சங்கடமாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெயர் ஒன்று, ரத்தம் வேறு என்று டெஸ்ட் சொன்னால் யாரோ ஒரு கொள்ளுப்பாட்டியின் நடத்தையைச் சந்தேகிக்க வேண்டுமா என்பதுதானே அது?

வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் மூலக்கூறு மரபியல் படித்தவன், ஒய் குரோமோசோம் மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது பல வருடம் என் அன்றாட வேலையாக இருந்தது. பழைய ஆங்கில ஆவணங்களை வாசிப்பது என் துறை அல்ல, அதில் வரலாற்றாசிரியர்கள் சொன்னதை வைத்துத்தான் பேசுகிறேன். இந்த வேலையில் இருப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இதுதான்: ஒரே குடும்பப் பெயர் உள்ள இரண்டு ஆண்களின் ஒய் குரோமோசோம் பொருந்தினால் அது மிகப் பெரிய சாட்சி, பொருந்தாவிட்டால் அதை வைத்து ஏறக்குறைய ஒன்றுமே நிரூபிக்க முடியாது. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வீட்டில் தேவையில்லாத சண்டையை இழுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இங்கிலாந்தில் குடும்பப் பெயர் என்பது ஆதியிலிருந்தே இருந்த வழக்கம் இல்லை. 1066-இல் நார்மன்கள் வந்து நாட்டைப் பிடித்த பிறகு, அவர்களுடைய பிரபுக்கள் தங்கள் நிலத்தின் பெயரைத் தங்களோடு சேர்த்து, அதைப் பிள்ளைகளுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். சாதாரண ஜனங்களுக்கு அதன் பிறகும் வெகுகாலம் நம்முடைய இனிஷியல் மாதிரிதான் இருந்தது. வில்லியமின் மகன் ஜான், அந்த ஜானுக்குப் பிள்ளை பிறந்தால் ஜானின் மகன் ராபர்ட், இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். ஊரில் பாதிப் பேருக்கு ஜான், வில்லியம், தாமஸ், ராபர்ட், ரிச்சர்ட் என்றே பெயர் இருந்ததால் வரி வசூலிக்கிறவருக்கும் நிலக்கிழாரின் நீதிமன்றக் கணக்கருக்கும் இது பெரிய தலைவலி. எந்த ஜானின் நிலம் எந்த ராபர்ட்டுக்குப் போகிறது என்று எழுதிவைக்க நிலையான பெயர் தேவைப்பட்டது. தெற்கே முதலில், வடக்கே கொஞ்சம் தாமதமாக என்று பரவி, ஏறத்தாழ 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலேயக் குடும்பங்களுக்குப் பரம்பரைப் பெயர் வந்துவிட்டது. உங்கள் கணவரின் பகுதியான வெஸ்ட் ரைடிங்குக்கு 1379-ஆம் வருடத் தலைவரிப் பட்டியல் நன்றாக மிஞ்சியிருக்கிறது. பெயர்கள் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தை அதில் நேரடியாகப் பார்க்கலாம்.

சைக்ஸ் என்பது இடத்தை வைத்து வந்த பெயர். வட இங்கிலாந்துப் பேச்சில் 'சைக்' என்றால் சிற்றோடை, ஈரச் சரிவில் ஓடும் வாய்க்கால், பல இடங்களில் இரண்டு நிலங்களுக்கு நடுவே எல்லையாக ஓடுகிற நீர்ப்பள்ளம். அதன் ஓரத்தில் குடியிருந்தவன் 'சைக்கின் ஜான்'. பெனைன் மலைச் சரிவுகளில் இந்த மாதிரி ஓடைக்குப் பஞ்சமே இல்லை. அதனால்தான் பெயராய்வு செய்தவர்கள் வெகுகாலமாக ஒரே முடிவில் இருந்தார்கள்: ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு சைக் இருந்தது, ஆகவே சைக்ஸ் என்ற பெயரும் பல இடத்தில் தனித்தனியாகப் பிறந்திருக்கும், ஒரு சைக்ஸுக்கும் இன்னொரு சைக்ஸுக்கும் ரத்த சம்பந்தம் இருக்கத் தேவையில்லை. அதே சமயம் அந்தப் பெயர் இங்கிலாந்து முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவும் இல்லை. 1881 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரைபடம் போட்டால் ஹடர்ஸ்ஃபீல்டைச் சுற்றி, அதற்கு மேற்கே கோல்ன் பள்ளத்தாக்கில், ஸ்லேத்வெய்ட் பக்கமெல்லாம் சைக்ஸ் அப்படியே குவிந்து கிடக்கிறது. ஓடை எல்லா ஊரிலும் இருக்க, பெயர் மட்டும் ஏன் ஒரு மூலையில் குவிய வேண்டும்?

இந்த இடத்தில்தான் ஆக்ஸ்ஃபோர்டில் மரபியல் பேராசிரியராக இருந்த பிரையன் சைக்ஸ் வருகிறார். தன் பெயரையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும், ஏறக்குறைய மாறாமல் போகிறது. ஆங்கிலேயக் குடும்பப் பெயரும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. இரண்டும் ஒரே வழியில் பயணம் செய்தால் ஒரே பெயர்க்காரர்களிடம் ஒரே ஒய் வகை கூடுதலாகத் தென்பட வேண்டும். யார்க்ஷயர், லங்காஷயர், செஷயர் மாவட்டங்களில் இருந்த சைக்ஸ் ஆண்களுக்குக் கடிதம் எழுதி, 48 பேரின் மாதிரிகளைக் கேத்தரின் இர்வனோடு சேர்ந்து சோதித்தார். 2000-இல் வெளியான முடிவு பலருக்கும் ஆச்சரியம். அந்த 48 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள், 21 பேர், ஒரே ஒய் வகையைக் கொண்டிருந்தார்கள். ஒப்பிடுவதற்காக அதே பகுதியில் வேறு பெயர் உள்ளவர்களைப் பார்த்தபோது அந்த வகை அவர்களிடம் இல்லை. ஆகவே ஆவணங்கள் என்ன சொன்னாலும் இன்றைய சைக்ஸ்கள் ஒரே மூதாதையிலிருந்து வந்திருக்க வேண்டும், பொருந்தாத மீதிப் பேர் பெயரும் ஒய்யும் சேர்ந்து வருகிற கண்ணி நடுவே எங்கோ அறுந்தவர்கள் என்று அவர் முடிவு கட்டினார். நீங்கள் படித்தது இந்த ஆய்வின் எதிரொலியாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த 21 பேரும் தற்செயலாக ஒரே வகையில் வந்து விழவில்லை, பெயருக்கும் அந்த ஒய் வகைக்கும் உறவு இருக்கிறது. அது உறுதி. ஆனால் அன்று சோதித்தது நான்கே நான்கு குறிப்பான்கள். குறிப்பான் என்றால் என்ன என்று ஒன்றை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கணவரின் ரிப்போர்ட்டில் டி.ஒய்.எஸ். 390 என்று ஒரு கட்டம் இருக்கும், அதன் கீழே 22 அல்லது 23 அல்லது 24 என்று ஏதோ ஓர் எண். ஒய் குரோமோசோமில் அந்த இடத்தில் ஒரு நான்கெழுத்துத் துண்டு அத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். எப்போதாவது மகனுக்குப் போகும்போது ஒன்று கூடும், அல்லது குறையும். இப்படி நான்கு எண்கள் மட்டும் ஒத்துப்போவதை வைத்து உறவைச் சொல்வது இன்றைக்கு யாரும் ஏற்காத அளவுக்குக் குறைவு. அப்போது கையில் இருந்த வசதி அவ்வளவுதான், அந்த ஆய்வைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, ஒரு புதுத் துறைக்கே அதுதான் வாசல் திறந்தது. ஆனால் 'சைக்ஸ் அனைவருக்கும் ஒரே மூதாதை' என்ற முடிவு, தரவு தாங்கக்கூடியதைவிடப் பெரியது என்பதுதான் என் கருத்து.

ஏனென்றால் இதே காட்சிக்கு இன்னொரு விளக்கமும் பொருந்தும். ஆரம்பத்தில் பத்து சைக்ஸ் குடும்பங்கள் இருந்தன என்றே வையுங்கள். சிலருக்குப் பிள்ளை இல்லை, சிலருக்குப் பெண் பிள்ளைகள் மட்டும், 1348–49-இல் வந்த கொள்ளைநோயில் சில வீடுகள் அப்படியே காலி. ஆண் வாரிசு ஒரு தலைமுறை இல்லாமல் போனாலே அந்த வழியில் பெயர் முடிந்தது. பெயர்கள் இப்படி அழிந்துபோவதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தவர்கள் பிரான்சிஸ் கால்டனும் வாட்சன் என்ற பாதிரியாரும், 1874-இல். பெரும்பாலான வழிகள் வெறும் அதிர்ஷ்டக்கேட்டாலேயே அழிந்துபோகும், ஒன்றிரண்டு மட்டும் பெருகும் என்று அந்தக் கணக்கு காட்டுகிறது. அப்படித் தப்பித்த ஒரு குடும்பம் கோல்ன் பள்ளத்தாக்கில் கம்பளி நெசவு செழித்த காலத்தில் பெருகியிருந்தால், எழுநூறு வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கு எல்லாரும் ஒரே ஆளிலிருந்து வந்த மாதிரிதான் தெரியும். ஒரே மூதாதை இருந்தாரா, அல்லது பலர் இருந்து ஒருவரின் வழி மட்டும் ஓங்கியதா என்பதை இன்று உயிரோடு இருப்பவர்களின் டி.என்.ஏ.வை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்குப் பிறகு லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் இதையே பெரிய அளவில் செய்தார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வில் 40 குடும்பப் பெயர்கள், 1,678 ஆண்கள். பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு அந்தப் பெயர்க்காரர்கள் நெருங்கிய உறவு என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. ஸ்மித் என்றால் கொல்லர், ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார், ஆகவே இரண்டு ஸ்மித்துகள் சாலையில் போகிற யாரோ இரண்டு பேரைவிட எந்த விதத்திலும் நெருக்கம் இல்லை. அட்டன்பரோ என்றால் கதையே வேறு. நாட்டிங்ஹாம்ஷயரில் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது, பெயர் அரிது, சோதித்த அட்டன்பரோக்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவர்கள் பிரிட்டனில் அவ்வளவாகக் காணக்கிடைக்காத ஒரே ஒய் வகையில் இருந்தார்கள். என்னை எப்போதும் யோசிக்க வைப்பது ரெவிஸ் என்ற யார்க்ஷயர்ப் பெயர். அந்தப் பெயருள்ள 18 பேரைச் சோதித்ததில் 7 பேருக்கு ஏ1 என்ற வகை வந்தது, அது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வகை. அத்தனை பேரும் பார்வைக்குச் சாதாரண யார்க்ஷயர் வெள்ளையர்கள். ஆவணங்களைத் தோண்டியதில் அவர்கள் இரண்டு வம்ச மரங்களில் அடங்கினார்கள், 1788, 1789 என்று யார்க்ஷயரில் பிறந்தவர்கள் வரை அந்த மரங்களைக் கொண்டுபோக முடிந்தது, அதற்கு மேல் ஆவணத்தில் இணைப்பு கிடைக்கவில்லை. எப்போதோ ஓர் ஆப்பிரிக்க மனிதர் வட இங்கிலாந்துக்கு வந்திருக்கிறார், அவருடைய மகன் வழி இன்னும் அங்கே இருக்கிறது. பெயரைப் பார்த்தோ முகத்தைப் பார்த்தோ இதை யாரும் ஊகித்திருக்க முடியாது.

சைக்ஸ் இந்த வரிசையில் ஸ்மித்துக்கும் அட்டன்பரோவுக்கும் நடுவில் நிற்கிற பெயர். பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஆனால் ஒரு வட்டாரத்தில் குவிந்தவர்கள். அதனால் இரண்டு சைக்ஸ்களுக்குள் ஆண்வழி உறவு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, நிச்சயம் கிடையாது. ஹடர்ஸ்ஃபீல்ட் பக்கத்து சைக்ஸ் என்றால் வாய்ப்பு இன்னும் கொஞ்சம் கூடும். அவ்வளவுதான் நேர்மையாகச் சொல்ல முடியும்.

சரி, உங்களை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தலைமுறையில் நூற்றில் ஒரு பிள்ளைக்குப் பெயரும் ஒய்யும் வேறு வேறு வழியில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகக் குறைவாகத்தானே தோன்றுகிறது? எழுநூறு வருடத்தில் சுமார் 25 தலைமுறை. கணக்குப் போட்டால் மூதாதையின் ஒய் இன்றைக்கு 78 சதவீதம் பேரிடம்தான் இருக்கும். நூற்றுக்கு இரண்டு என்றால் 60 சதவீதம். நூற்றுக்கு மூன்று என்றால் பாதிக்கும் கீழே. லெஸ்டர் ஆய்வு பிரிட்டனுக்குக் கணித்தது தலைமுறைக்கு ஒன்றிலிருந்து நாலரை சதவீதம் வரை. பெல்ஜியத்தில் மார்டன் லார்முசோ குழு பழைய ஆவணங்களையும் ஒய்யையும் சேர்த்துப் பார்த்ததில் விவசாயக் குடும்பங்களில் அரை சதவீதம் அளவுக்குத்தான் வந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நெரிசலான நகரங்களில் ஏழைக் குடும்பங்களில் மட்டும் ஆறு சதவீதத்தை ஒட்டிப் போனது. ஆக, எல்லாத் தலைமுறையிலும் குடும்பங்கள் ஒழுங்காகவே இருந்தாலும், இவ்வளவு நீண்ட காலத்தில் ஏதோ ஓர் இடத்தில் கண்ணி அறுந்திருப்பதுதான் சகஜம்.

அது மட்டுமில்லை, 'கண்ணி அறுந்தது' என்றவுடன் எல்லாரும் கள்ள உறவையே நினைக்கிறார்கள். நிறைய நேரம் காரணம் அது இல்லவே இல்லை. அப்பா செத்த பிறகு அம்மா மறுமணம் செய்திருப்பாள், பிள்ளை மாற்றாந்தகப்பனின் பெயரில் வளர்ந்திருப்பான். அனாதைப் பிள்ளையை எடுத்து வளர்த்திருப்பார்கள், இங்கிலாந்தில் சட்டப்படியான தத்து 1926-இல்தான் வந்தது, அதற்கு முன்னால் எடுத்து வளர்த்ததற்குக் காகிதமே இருக்காது. சொத்துக்காகப் பெயர் மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. நார்தம்பர்லண்ட் பிரபுக்களான பெர்சி குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹ்யூ ஸ்மித்சன் என்ற யார்க்ஷயர்க்காரர் அந்த வம்சத்து வாரிசுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு 1750-இல் பெர்சி என்று பெயரை மாற்றினார், 1766-இல் டியூக் ஆனார். அவர் வழியில் வந்த பெர்சிகளின் ஆண்வழி ஸ்மித்சனுடையது, அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

இன்னொரு காரணம் உங்கள் வீட்டுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைக்குத் திருச்சபைப் பதிவேட்டில் தாயின் குடும்பப் பெயரைத்தான் எழுதுவார்கள். மேரி சைக்ஸுக்கு மகன் பிறந்தால் அவன் ஞானஸ்நானப் பதிவில் ஜோசப் சைக்ஸ், பக்கத்தில் முறைதவறிப் பிறந்தவன் என்று ஒரு சொல், தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் பல சமயம் வெறுமை. அந்த ஜோசப்பின் ஒய் யாரோ ஒருவருடையது. ஆனால் அவன் சைக்ஸ் ரத்தம் இல்லையா? அவன் அம்மா சைக்ஸ், தாத்தா சைக்ஸ், அவர்களுடைய டி.என்.ஏ. அவன் உடம்பில் ஓடுகிறது. ஒய் டெஸ்ட் பார்ப்பது ஆண்வழி ஒன்றை மட்டும்தான், மேரி அதன் கண்ணுக்கே தெரியமாட்டாள். பொருந்தாத ஒய் உள்ளவரை 'போலி சைக்ஸ்' என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபமே வரும். தனியாக நின்று பிள்ளையை வளர்த்துத் தன் பெயரைக் கொடுத்த ஒரு பெண்ணை அவர்கள் வம்சக் கணக்கிலிருந்தே அடித்துவிடுகிறார்கள்.

அரச குடும்பமே இதற்கு விலக்கு இல்லை. 2012-இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்த எலும்புக்கூடு மூன்றாம் ரிச்சர்ட் மன்னருடையது என்று உறுதியானதில் தாய்வழி டி.என்.ஏ.வுக்குப் பெரிய பங்கு, அவருடைய அக்காவின் பெண்வழி வாரிசுகளோடு அது பொருந்தியது. ஆண்வழி பொருந்தவில்லை. மன்னருக்கு ஜி2. ஆவணப்படி அதே ஆண்வழியில் வந்திருக்க வேண்டிய, ஐந்தாம் போஃபோர்ட் டியூக்கின் வாரிசுகள் ஐந்து பேரைச் சோதித்தால் நாலு பேருக்கு ஆர்1பி, ஒருவருக்கு ஐ. அதாவது குறைந்தது இரண்டு இடத்தில் கண்ணி அறுந்திருக்கிறது. இத்தனைக்கும் ஐரோப்பாவிலேயே ரொம்பக் கவனமாக எழுதிவைக்கப்பட்ட வம்ச மரங்களில் அது ஒன்று.

உங்கள் கணவருக்கும் அந்த உறவினருக்கும் வருவோம். ஐ1, ஆர்1பி இரண்டும் பல பத்தாயிரம் வருடத்துக்கு முன்பே பிரிந்துபோன கிளைகள். ஆகவே இந்த இருவருக்கும் ஐந்து தலைமுறைக்குள் பொதுவான ஆண்வழித் தாத்தா இருக்க முடியாது, சோதனையில் மாதிரி மாறிப்போகாத வரை இது உறுதி. அதற்கு மேல் எல்லாம் ஊகம்தான். நான் முதலில் சந்தேகப்படுவது எந்தப் பாட்டியையும் அல்ல, வம்ச மரத்தைத்தான். அந்தப் பள்ளத்தாக்குகளில் ஒரே பதிவேட்டில் ஒரே காலத்தில் பல ஜான் சைக்ஸ்கள் இருப்பது சர்வ சாதாரணம். அடையாளம் தெரிவதற்காகவே ஊர்க்காரர்கள் 'பில்லின் மகன் டாமின் மகன் ஜோ' என்கிற மாதிரி அழைப்புப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பதிவேட்டில் அந்த அழைப்புப் பெயர் இருக்காது, வெறும் ஜான் சைக்ஸ் என்றுதான் இருக்கும். இணையத்தில் மரம் போடுகிறவர்கள் பெயரும் வருடமும் ஏறக்குறைய ஒத்துப்போனால் இழுத்து ஒட்டிவிடுகிறார்கள். உங்கள் மரத்தில் 1837-க்கு முந்தைய இணைப்புகளை முதலில் சோதியுங்கள். அந்த வருடத்துக்குப் பிறகு அரசாங்கப் பிறப்புப் பதிவு இருக்கிறது, அப்பா அம்மா பெயரோடு சான்றிதழ் வாங்கிப் பார்த்துவிடலாம். அதற்கு முன்னால் 1538-இல் தொடங்கிய திருச்சபைப் பதிவேடுகள்தான், அவற்றில் பல ஊர்களுக்கு ஆரம்ப வருடங்கள் கிடைப்பதில்லை.

மரம் சரி என்றே வந்தாலும் யார் வழியில் அறுந்தது என்பது இப்போது தெரியாது. ஐ1-காரர் பழைய வழியில் இருக்கலாம், ஆர்1பி-காரர் இருக்கலாம், இரண்டு பேருமே இல்லாமலும் இருக்கலாம். மூன்றாவது ஓர் ஆள் வேண்டும். அதே தாத்தாவின் வேறொரு மகன் வழியில் வந்த சைக்ஸ் ஆண் யாராவது சம்மதித்தால் 37 குறிப்பான் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். அவர் யாரோடு பொருந்துகிறாரோ அந்த ஒய்தான் அந்தத் தாத்தாவுடையது என்று தைரியமாகச் சொல்லலாம். 37-இல் ஐந்து தலைமுறைக்குள் வந்த உறவு என்றால் பெரும்பாலும் ஒன்றும் மாறியிருக்காது, அல்லது ஒன்றிரண்டு எண்கள் மாறியிருக்கும். எழுநூறு வருடத்துக்கு முன் பிரிந்த இரண்டு வழிகள் என்றால் சராசரியாக நாலிலிருந்து ஏழு வரை வித்தியாசம் எதிர்பார்க்கலாம், அதனால் மற்ற சைக்ஸ்களோடு ஒப்பிடும்போது மூன்று நாலு எண் வேறுபட்டதும் உறவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அப்புறம், பொதுவான டி.என்.ஏ. டெஸ்ட், அதாவது எல்லாக் குரோமோசோமையும் பார்க்கிற சாதாரண டெஸ்ட், அதையும் கணவரும் அந்த உறவினரும் எடுத்தால் நல்லது. மேரி சைக்ஸ் கதை மாதிரி ஏதாவது நடந்திருந்தால் ஒய் பொருந்தாமலே இந்த டெஸ்ட்டில் இருவரும் சொந்தம் என்று வரும். ஆனால் தூரத்து உறவில் பொதுவான துண்டு எதுவுமே மிஞ்சாமல் போவதும் உண்டு, மூன்று விட்ட சகோதரர்களில் பத்தில் ஒருவருக்கும், நான்கு விட்டவர்களில் பாதிப் பேருக்கும் அப்படித்தான், அதனால் அங்கும் வந்தால் சாட்சி, வராவிட்டால் ஒன்றுமில்லை.

வைக்கிங் விஷயத்தில் சித்தப்பாவை ஏமாற்றமடையச் செய்ய வேண்டியிருக்கிறது. ஐ1 ஸ்காண்டிநேவியாவில் நிறைய இருப்பது உண்மை. டென்மார்க் பக்கத்து வைக்கிங்குகளான டேனியர்கள் 866-இல் யார்க் நகரத்தைப் பிடித்ததும் உண்மை. ஆனால் அதற்கு நாநூறு வருடம் முன்பே ஆங்கிள்களும் சாக்சன்களும் வட ஜெர்மனி, டென்மார்க் பகுதியிலிருந்துதான் கடல் கடந்து வந்தார்கள், அவர்களும் ஐ1-ஐக் கொண்டுவந்தார்கள். ஐ1 என்ற மேல்மட்ட அடையாளத்தை வைத்து இவர் டேனியர் வழி, இவர் சாக்சன் வழி என்று பிரிக்க முடியாது. பிரிட்டன் முழுக்கக் கிராமப்புறத்தில் தாத்தா பாட்டி நாலு பேரும் பக்கத்துப் பக்கத்தில் பிறந்த 2,039 பேரை வைத்து 2015-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. மேற்கு யார்க்ஷயர் மக்கள் அதில் தனிக் கூட்டமாகவே பிரிந்து தெரிந்தார்கள், ஆனால் டேனிய ஆட்சியின் தெளிவான மரபணுத் தடம் என்று எதுவும் அதில் சிக்கவில்லை. டேனியரும் ஆங்கிலோ-சாக்சன்களும் மரபணுவில் அவ்வளவு நெருக்கம் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 'சைக்' என்ற சொல் வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழியிலும் உண்டு என்று சித்தப்பா சொன்னால், பழைய ஆங்கிலத்திலும் உண்டு என்று சொல்லுங்கள். தவிர, அந்தச் சொல் ஊர்ப் பேச்சில் கலந்து பல தலைமுறைக்குப் பிறகுதான் அது ஒருவருக்குப் பெயரானது. ஓடையை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பது அதன் கரையில் இருந்தவரின் பூர்வீகத்தைச் சொல்லாது. ஐ1-க்குள் எந்தக் கிளை என்று பார்க்கிற விரிவான ஒய் சோதனை எடுத்தால், அந்தக் கிளையின் மற்றவர்கள் நார்வேயில் இருக்கிறார்களா, ஹாலந்தில் இருக்கிறார்களா என்று ஓரளவு குறுக்கலாம். அதுவும் வாய்ப்புக் கணக்குதான்.

குலச்சின்னம் என்று சைக்ஸ் பெயரில் ஒரு கேடயப் படத்தை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் அது தனி ஆளுக்கும் அவருடைய வாரிசுக்கும் கொடுக்கப்படுவது, குடும்பப் பெயருக்கு என்று எதுவும் கிடையாது.

உங்கள் மகளுக்கு இதில் என்ன பங்கு என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அவளுக்கு ஒய் இல்லை, ஆனால் அப்பாவின் மற்றக் குரோமோசோம்கள் வழியாக அவளுடைய டி.என்.ஏ.வில் பாதி அவரிடமிருந்து வந்தது, மகன் இருந்தால் அவனுக்கும் ஒய்யைத் தவிர அதே கணக்குதான். ஒய் என்பது மொத்தத்தில் நூற்றில் இரண்டு பங்கு கூட வராது. பத்துத் தலைமுறை பின்னால் போனாலே மூதாதையர் இடங்கள் 1,024 ஆகிவிடும், பெயரைக் கொடுத்தவர் அதில் ஒரே ஒருவர். 1300-வாக்கில் வாழ்ந்த அந்த முதல் சைக்ஸின் டி.என்.ஏ. ஒய்யைத் தவிர வேறெங்கும் உங்கள் கணவரிடம் ஒரு துளிகூட இல்லாமல் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. அதே சமயம் அந்த வட்டாரத்திலேயே தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் செய்துகொண்ட குடும்பம் என்றால், பொருந்தாத ஒய் உள்ள அந்த உறவினரும் உங்கள் கணவரும் அம்மாக்கள், பாட்டிகள் வழியாகப் பத்து விதத்தில் சொந்தமாக இருப்பார்கள்.

மூன்றாவது ஆளிடம் கேட்கும்போது ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: முடிவு எதிர்பாராததாக வரலாம், அதைத் தெரிந்துகொள்ள விருப்பம் இல்லையென்றால் எடுக்க வேண்டாம் என்று. வயதானவர்கள் என்றால் அவர்களுக்கு யோசிக்க அவகாசம் கொடுங்கள். மூன்று பேரின் 37 எண்களும் கையில் வந்த பிறகு, பெயர்களை எடுத்துவிட்டு எண்களை மட்டும் எழுதுங்கள், எத்தனை தலைமுறைக்கு முன் பிரிந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.